சத்தத்துக்கு பாலிசி உண்டா?

ஓயாத இரைச்சல் உடம்பை என்ன செய்கிறது, அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரும் காப்பீட்டு ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: பெரிய சாலையை ஒட்டிய வீட்டில் பத்து வருடமாகக் குடியிருக்கிறோம். முதலில் தூக்கமே வராது. இப்போது லாரி ஹார்ன் அடித்தாலும் தெரிவதில்லை. பழகிவிட்டதால் இனி பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பழகியது உங்கள் கவனம் மட்டும்தான். தூங்கும்போதும் காது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு சத்தத்தையும் ஆபத்தா இல்லையா என்று மூளை பார்க்கும். நீங்கள் கண் விழிக்காமலே இதயத் துடிப்பு ஏறும், ரத்தக் குழாய் சுருங்கும், அட்ரினலின், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்களும் சுரக்கும். அறைக்குள் 35 டெசிபல் அளவுக்கு எழும் தனிச் சத்தங்களே மூளை அலைப் பதிவில் தூக்கம் கலைவதைக் காட்டுகின்றன. ஆள் விழித்துக்கொள்ள 42 டெசிபல் போதும்.

சாதாரணமாக இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். அந்த இறக்கம்தான் இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு. இரவெல்லாம் வண்டி ஓடும் சாலையோரத்தில் அது குறைந்துபோகலாம். பகலில் மருத்துவமனையில் ஒருமுறை பார்த்தால் இது பிடிபடாது. நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால், 24 மணி நேரமும் ரத்த அழுத்தத்தைப் பதிவு செய்யும் பட்டையைக் கட்டிப் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் சாலை இரைச்சலுக்கு 53 டெசிபல், இரவுக்கு மட்டும் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. இரண்டும் வீட்டுச் சுவருக்கு வெளியே, வருட சராசரியாக அளப்பவை. முதல் கணக்கில் மாலைச் சத்தத்துக்கு 5, இரவுச் சத்தத்துக்கு 10 டெசிபல் கூட்டிச் சேர்ப்பார்கள். 53-ஐத் தாண்டிய ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம் கூடுவதாக அந்த ஆவணம் சொல்கிறது. தனி ஆளுக்கு இது பெரிய எண் இல்லை. ஆனால் சர்க்கரையோ குடும்பத்தில் மாரடைப்போ ஏற்கெனவே இருந்தால், அதன் மேல் இதுவும் சேர்ந்துகொள்கிறது.

படுக்கையைச் சாலை பார்க்காத அறைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத வழி இதுதான்.

காப்பீட்டு விஷயம்: மாரடைப்புக்கு மருத்துவமனையில் சேர்ந்தால், காரணம் இரைச்சல் என்று எந்த பில்லிலும் எழுதமாட்டார்கள், எழுதவும் வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீடு பார்ப்பது நோயைத்தான். ஆகவே, ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் எழுதித் தருவதற்கு முன்பே பாலிசி எடுத்துவிடுவது நல்லது. பிறகு எடுத்தால் அது ‘முன்பே உள்ள நோய்’ ஆகிவிடும். காத்திருப்புக் காலமும் கூடுதல் பிரீமியமும் வரும்.

கேள்வி: போனில் உள்ள ஆப் வைத்து சத்தத்தை அளந்தால் அது செல்லுமா?

பதில்: உங்களுக்கே ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் போதும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஐபோனுக்கு வெளியிட்டிருக்கும் இலவச ஆப் 2 டெசிபல் வித்தியாசத்துக்குள் காட்டும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு போனுக்கும் மைக் வேறு என்பதால் எண் தாறுமாறாக வரலாம். புகாருக்கோ வழக்குக்கோ, அளவுத்திருத்தச் சான்றிதழ் உள்ள கருவியைத்தான் கொண்டுவரவேண்டும்.

அளக்கும்போது, மனிதக் காது கேட்பது போலக் கனத்த, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் ‘ஏ’ எடையிடலில் வையுங்கள். மைக்கைக் கையால் மூடாதீர்கள். ஒரு நொடி உச்சத்தைப் படம் பிடித்து அனுப்புவதில் பயனில்லை. குறைந்தது 15 நிமிட சராசரி வேண்டும், பகல், மாலை, நள்ளிரவு மூன்றிலும். பிறகு, அவற்றை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ எடையிடலுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் 20 டெசிபல் வித்தியாசம் வந்தால் உங்களைத் தொந்தரவு செய்வது தாழ்ந்த அதிர்வெண், அதாவது ஜெனரேட்டர், கம்ப்ரஸர், ஸ்பீக்கர் பேஸ் வகை. அதற்கான வைத்தியமே வேறு.

கேள்வி: நிறைய செலவு செய்து இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டோம். நகர்த்தும் வகை. சத்தம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. உங்களுக்கு விற்றது வெப்பத்தைத் தடுக்கும் ஜன்னல். அது சத்தத்துக்கு ஆகவில்லை.

முதல் பிரச்சினை இடைவெளி. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், கண்ணாடி எத்தனை தடிமனாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 120 செ.மீ. நீளம், 120 செ.மீ. உயரம் உள்ள ஜன்னலின் சுற்றளவு 480 செ.மீ. சுற்றிலும் 3 மி.மீ. இடுக்கு இருந்தால் 144 சதுர செ.மீ. ஆகிறது. சரியாக நூற்றில் ஒன்று! நகர்த்தும் ஜன்னலில் பிரஷ் மாதிரி ஒரு பட்டை மட்டும்தான் இருக்கும். அது தூசியைத் தடுக்கும், சத்தத்தை விட்டுவிடும். கதவு மாதிரித் திறந்து, மூடும்போது ரப்பர் காஸ்கெட்டை நசுக்கும் வகைதான் இதற்குத் தோது. இருப்பதைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காஸ்கெட் பிடிக்கவில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கை யாரும் பார்ப்பதில்லை. அதையும் இறுகிவிடாத அக்கூஸ்டிக் சீலண்ட் வைத்து நிரப்பவேண்டும்.

இரண்டாவது, இரு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள காற்று. 4 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. காற்று என்றால், ஏறக்குறைய 245 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 245 அதிர்வு) இரண்டும் சேர்ந்து அதிரத் தொடங்கும். அந்தப் பகுதியில் தடுப்பு விழுந்துவிடுகிறது. லாரி எஞ்சினின் உறுமல் அங்கேதான் நுழைகிறது. இடைவெளியை 100 மி.மீ. ஆக்கினால் அந்த அதிர்வு சுமார் 85 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். எனவே இருக்கும் ஜன்னலைப் பிடுங்க வேண்டாம். அதற்கு உள்பக்கம், 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் தள்ளி, தனிச் சட்டத்தில் இன்னொரு ஜன்னல் போடுங்கள். அதன் கண்ணாடி வெளிக் கண்ணாடியின் தடிமனில் இருக்கக்கூடாது. ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் பலவீனமாகிவிடும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி கிடைத்தால் நல்லது.

காற்றுக்கு வழி? வளைந்த பாதையில் பஞ்சு வைத்த அக்கூஸ்டிக் வென்டிலேட்டர் உண்டு. அதைத் திட்டத்திலேயே சேர்க்காவிட்டால், புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறப்பீர்கள், போட்ட பணம் வீண். ஜன்னல் லேசாகத் திறந்திருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் 10 முதல் 15 டெசிபல்தான் வித்தியாசம்.

சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சும் முட்டை அட்டையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அதை விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

கேள்வி: 19 வருடமாக மெட்டல் பிரஸ் பிரிவில் வேலை. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று காது பரிசோதனையில் (ஆடியோகிராம்) வந்த எண்களை எழுதியிருக்கிறேன். வலது: 500 ஹெர்ட்ஸில் 20, 1000-ல் 25, 2000-ல் 40, 3000-ல் 55, 4000-ல் 70. இடது: 30, 35, 50, 65, 75. ‘பேசினால் கேட்கிறதே, இதற்கெல்லாம் நஷ்டஈடு கிடையாது’ என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. பேச்சு கேட்கிறதா என்பது அளவுகோல் இல்லை, சூத்திரம் இருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறும். பரவலாகப் பயன்படுவது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறை. முதல் நான்கு அதிர்வெண்களின் சராசரியை எடுத்து, அதில் 25-ஐக் கழித்து, மீதியை 1.5-ஆல் பெருக்கவேண்டும். உங்கள் வலது காதின் சராசரி 35, எனவே 15 சதவீத இழப்பு. இடது காதுக்கு சராசரி 45, இழப்பு 30 சதவீதம். நல்ல காதின் இழப்பை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் இழப்பைக் கூட்டி, ஆறால் வகுத்தால் இரு காதுக்கும் சேர்த்து 17.5 சதவீதம். உங்கள் ஊர்ச் சட்டம் எந்தச் சூத்திரத்தை ஏற்கிறது என்று தொழிலாளர் துறையிலோ தொழிற்சங்கத்திலோ கேட்டுவிட்டு, இதே எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் 4000 ஹெர்ட்ஸ் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இரைச்சல் முதலில் கடிப்பதே அங்கேதான். காதின் உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதியில் இருக்கும் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்கான செல்கள் முதலில் போகும். ஆடியோகிராமில் 4000-ஐ ஒட்டி ஒரு பள்ளம் விழும். அந்தக் கட்டத்தில் இந்தச் சூத்திரப்படி இழப்பு பூஜ்யம், கையில் பைசா வராது. நஷ்டஈடு கிடைக்கும் அளவுக்கு வருவதற்குள் கூட்டத்தில் எதிரே பேசுபவரின் ‘ச’, ‘ப’, ‘த’ எல்லாம் குழம்பத் தொடங்கியிருக்கும். நஷ்டஈடு தாமதமாக வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் காதைக் காப்பாற்றவேண்டும்.

மனுவுக்குத் தேவையானவை: வேலையில் சேர்ந்தபோது எடுத்த முதல் ஆடியோகிராம், இடையில் எடுத்தவை, எந்த இயந்திரத்தில் எத்தனை வருடம் என்ற பட்டியல், ஆலையில் அளந்த டெசிபல் அறிக்கை. கடைசி ஷிப்டுக்குப் பிறகு குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். இல்லையென்றால் தற்காலிக மந்தத்தையும் நிரந்தர இழப்பு என்று காட்டியதாக எதிர்த்தரப்பு தள்ளிவிடும். வயதுக்கேற்ற கழிவு கேட்பார்கள், தயாராக இருங்கள். காலக்கெடு உண்டு. சில இடங்களில் கடைசியாகச் சத்தத்தில் வேலை செய்த நாளிலிருந்து, சில இடங்களில் நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்.

வேலையை விட்டு விலகினால் அந்த வாரமே ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். இரைச்சலால் வரும் இழப்பு முதல் 10 முதல் 15 வருடங்களில்தான் வேகமாக ஏறும். இரைச்சலை விட்டு வந்தபின் அது மேலும் கூடுவதில்லை. நான்கு வருடம் கழித்து எடுத்த அறிக்கையை வைத்து வழக்காடுவது சிரமம்.

கேள்வி: என் கிரிட்டிகல் இல்னஸ் (பட்டியலில் உள்ள கடும் நோய் வந்தால் பணம் தரும்) பாலிசியில் ‘காது கேளாமை’ என்று போட்டிருக்கிறது. பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை செய்கிறேன். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அந்த வரியை நம்பி நிம்மதியாக இருக்கமுடியாது. வரையறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரு காதிலும் முழுமையான, திரும்ப வராத இழப்பு, எல்லா அதிர்வெண்களிலும் 90 அல்லது 95 டெசிபலுக்கு மேல் என்று இருக்கும். இரைச்சல் மட்டும் காரணமாக இருந்தால் இழப்பு உயர் அதிர்வெண்ணில் பொதுவாக 75 டெசிபலையும், தாழ்ந்த அதிர்வெண்ணில் 40 டெசிபலையும் தாண்டுவதில்லை. அதாவது, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு அந்த வரையறைக்குள் கிட்டத்தட்ட நுழையவே நுழையாது.

அதே பாலிசியில் மாரடைப்பும் பக்கவாதமும் இருக்கும். இரைச்சல் சார்ந்து உங்களுக்குப் பயன்படக்கூடியது அவைதான். நோய் உறுதியானபின் குறிப்பிட்ட நாட்கள் உயிரோடிருக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிநபர் விபத்து பாலிசி ‘திடீரென, வெளியிலிருந்து’ நேர்ந்த சம்பவத்துக்குத்தான் தரும். பாய்லர் வெடித்துக் காது போனால் கேட்கலாம். இருபது வருட இயந்திரச் சத்தத்துக்குக் கேட்க முடியாது. மருத்துவக் காப்பீட்டில் காது கேட்கும் கருவி பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். கருவிக்குச் சில வருடங்களில் மாற்று வாங்கவேண்டும், இரு காதுக்கும் இரண்டு. இதற்குத் தனியாகச் சேமிப்பதே நடக்கிற காரியம்.

கேள்வி: மேடைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எந்த நிறுவனத்திலும் சம்பளக்காரன் இல்லை. காதில் ‘ஙொய்’ என்ற சத்தம் ஓயவில்லை. புதிதாக பாலிசி எடுக்கும்போது இதைச் சொல்லவேண்டுமா? சொன்னால் மறுத்துவிடுவார்களே!

பதில்: சொல்லவேண்டும். காதிரைச்சலுக்கு மருத்துவரைப் பார்த்திருந்தால் அது எங்கோ ஒரு சீட்டில் பதிவாகியிருக்கும். படிவத்தில் மறைத்துவிட்டு நாளை க்ளெய்ம் போட்டால், முதலில் தோண்டுவது அதைத்தான். பாலிசியே ரத்தாகலாம், கட்டிய பிரீமியமும் போகலாம். சொன்னால் அதிகபட்சம் காது சம்பந்தப்பட்டதை மட்டும் விலக்கிவிட்டு மற்றதற்குக் கொடுப்பார்கள். அதுவே மேல்.

உங்களுக்குத் தேவை வருமானப் பாதுகாப்பு பாலிசி. அதில் இயலாமை என்பதற்கு ‘சொந்தத் தொழில்’, ‘ஏதாவது ஒரு தொழில்’ என்று இரண்டு வரையறைகள் உண்டு. இரண்டாவதை எடுத்தால், ‘டிரம்ஸ் வாசிக்க முடியாவிட்டால் டிக்கெட் கவுன்டரில் உட்காரலாமே’ என்று சொல்லிவிடுவார்கள். முதலாவதற்குப் பிரீமியம் கூடுதல், பரவாயில்லை.

சம்பளத்துக்கு வாசிப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் நடந்த ஒத்திகையில் காது பாதிக்கப்பட்ட வயோலா கலைஞருக்கு நிர்வாகமே பொறுப்பு என்று 2018-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 மேல்முறையீட்டிலும் அது நின்றது. இசை என்பதால் இரைச்சல் விதியிலிருந்து விலக்கு கிடையாது.

கேள்வி: டப்பாவில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்ட இயர்பிளக்தான் போடுகிறேன். ஆலையில் சத்தம் 100. அப்படியானால் காதுக்கு வருவது 67 தானே?

பதில்: இல்லை. அந்த 33 ஆய்வுக்கூடத்தில் அளந்தது. முதலில் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கும் கணக்கு ஒன்று நடைமுறையில் உண்டு. 33-ல் 7 போக 26, பாதி 13. எனவே காதுக்கு 87 என்று வைத்துக்கொள்ளுங்கள். நியோஷ் கணக்கில் 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், அதாவது 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம்.

நுரை பிளக்கை மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை 30 நொடி விரலால் பிடியுங்கள். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போடவில்லை. நடுவில் கழற்றவும் கூடாது. உண்மையிலேயே 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றினாலே, அன்றைய மொத்தப் பலன் 12 டெசிபலாகிவிடும்.

கேள்வி: 12 பேர் வேலை செய்யும் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். தொழிலாளி யாராவது காது போச்சு என்று வந்தால் என் பாலிசி தாங்குமா?

பதில்: முதலாளி பொறுப்புக் காப்பீட்டில் ‘தொழில்சார் நோய்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விபத்துக் காயம் மட்டும் இருந்தால் தாங்காது. அடுத்து, பாலிசி ‘சம்பவம் நடந்த காலம்’ அடிப்படையிலா, ‘கோரிக்கை வந்த காலம்’ அடிப்படையிலா என்று கேளுங்கள். காது வழக்கு பல வருடம் கழித்துத்தான் வரும். முதல் வகையில் அன்றைய பாலிசி இன்றும் பேசும், ஆகவே பழைய பாலிசிகளைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டாம் வகையில், பட்டறையை மூடிய பிறகும் பாதுகாப்பு தொடரத் தனி நீட்டிப்பு வாங்கவேண்டும்.

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் பட்டறையில் சத்தம் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். அப்போது சேரும்போது ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று ஆடியோகிராம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் சராசரியில் முதல் பரிசோதனையைவிட 10 டெசிபல் சரிந்த தொழிலாளியை உடனே கவனிக்கவேண்டும். பிளக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குவதோடு பயிற்சி கொடுத்ததையும் பதிவு செய்யுங்கள். வழக்கு வந்தால் வக்கீல் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

கேள்வி: பக்கத்து மனையில் பைலிங் (அடித்தளத் தூண் இறக்கும் வேலை) நடக்கிறது, சுவரில் கீறல். மேலே விமானப் பாதை வேறு. வீட்டுக் காப்பீட்டில் கேட்கலாமா?

பதில்: கீறலுக்கு உங்கள் பாலிசியைவிட கட்டுமான ஒப்பந்தக்காரரின் மூன்றாம் நபர் பொறுப்பு பாலிசிதான் சரியான வழி. வேலை தொடங்கும் முன் எடுத்த, தேதியுள்ள புகைப்படம் இல்லாவிட்டால் ‘பழைய கீறல்’ என்பார்கள். இன்னும் பைலிங் முடியவில்லை என்றால் இன்றே எல்லாச் சுவரையும் படமெடுத்து, கீறலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள்.

விமானச் சத்தத்துக்கு வழியில்லை. உங்கள் பாலிசி, பொருளுக்கு நேர்ந்த சேதத்தைத்தான் பார்க்கும். விமான நிறுவனங்களின் பொறுப்பு பாலிசிகளிலோ ஏவிஎன் 46பி என்ற விலக்கு வழக்கமாக இருக்கும். விபத்து, தீ, வெடிப்பு, மோதல், பறக்கும்போது பதிவான அவசரநிலை இவற்றால் வந்தால் தவிர, சத்தமும் அதிர்வும் அதில் அடங்காது. அக்கம்பக்கத்தார் மீது சத்தத்துக்காக வழக்குப் போட, சட்டச் செலவுக் காப்பீடு சில வீட்டு பாலிசிகளோடு இணைப்பாகக் கிடைக்கிறது. தகராறு தொடங்கியபின் எடுத்தால் பயன்படாது.

கேள்வி: நேற்று கச்சேரி முடிந்ததிலிருந்து இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. ஓரிரு வாரம் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இரு காதும் லேசாக மந்தமானால் ஓரிரு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரே காது திடீரென மந்தமானால், இன்றே காது மருத்துவரிடம் ஆடியோகிராம் எடுங்கள். மூன்று நாட்களுக்குள் இறங்கிய உள்காது இழப்பு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன் எதிர்பார்க்கலாம். அழுக்கு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் அந்த இரண்டு வாரத்தைத் தொலைக்கிறார்கள். போகும்போது நிகழ்ச்சி நடந்த தேதி, நேரம், ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரம் நின்றீர்கள் என்பதையும் மருத்துவரின் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். விபத்து பாலிசி இருந்தால் க்ளெய்முக்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.